சிவப்புக் கோடு போட்ட சொற்கள்

தண்ணி காணுமே அக்கா? இன்னும் ஒரு செம்பு அள்ளட்டோ? வேண்டாமோ. அப்ப அந்தக் கதிரையிலை இருங்கோவன், ஏன் நிண்டுகொண்டு? தண்ணிக்கெண்டு வந்த ஆக்கள் செருப்பைக் கழட்டி ஒரு கரையிலை வைச்சிட்டு, வேலிக்கு மேலாலை அங்காலை வளவை எட்டி எட்டிப் பாக்கமாட்டினம். சிரியாதேங்கோ. என்னைப் பொம்பிளை பேசேக்கை இவரின்ரை தமக்கை எங்கடை பக்கத்து வீட்டிலை வந்து மோர் கேட்டுக் குடிச்சவ. அந்த ஒரு பேணி மோர் குடிச்சு முடிய மத்தியானமாப் போச்சாம்.

கொடிகாமமோ? நினைச்சன். உங்கடை பன்பைக்குள்ளை கறுத்தக்கொழும்பான் மாம்பழம் மணக்குதே. அப்ப அங்காலை வீட்டு மாமி நமசிவாயம் எண்டு சொன்னது உங்கடை தம்பியோ? நல்லது. செல்வநாயகி ரீச்சரைப் பற்றித் தானே விசாரிக்க வந்தனீங்கள்? ஒளிக்காதேங்கோ, கலியாணம் எண்டால் நாலு வீட்டிலை கேக்கத் தானே வேணும். இந்த இணுவிலிலை அவவைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. ஒரு வேலி தான் இடையிலை.

இருங்கோ, இந்தச் சுளகை மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கிறன். முருங்கையிலை. பிள்ளை ஏணையிலை கிடக்கிறாள், அவள் எழும்ப முதல் உருவி முடிக்கவேணும். நீங்களும் உருவிறியளோ? எடுங்கோ, கை சும்மா இருந்தால் கதையும் வராது.

என்ன கேட்டனீங்கள்? ஆம்பிளையள் ஆரும் அங்கை போய் வாறவையோ எண்டோ. ம். கலியாணம் கட்டின ஒரு ஆள் பின்னேரத்திலை வாறதெண்டு கேள்விப்பட்டனீங்களோ. மெய் தான். ஏன் திடுக்கிடுறியள்? அது எங்கடை இவர் தான். பேரோ? நல்லாக் கேட்டியள் போங்கோ, நான் எப்பிடிச் சொல்லுறது? அந்தா, மேசையிலை கிடக்கிற கொப்பியின்ரை மட்டையைப் பாருங்கோ. ஓம், சீவரத்தினம், அது தான். நீங்கள் சொல்லலாம், உங்களுக்கென்ன.

கேளுங்கோ சொல்லுறன். இவர் சீமெந்துப் பக்டரியிலை ஸ்ரோர் கீப்பர். குவைத்திலை ஒரு கொம்பனிக்கு ஆள் எடுக்கினமெண்டு பேப்பரிலை பாத்து எழுதிப் போட்டவர். கொழும்பிலை இன்ரர்வியூ, எல்லாம் இங்கிலீசிலை. இவருக்கு இங்கிலீசு தெரியாதெண்டில்லை. ஆணி எத்தினை இறாத்தல், கம்பி எத்தினை கட்டு எண்டு எழுதிற அளவுக்குத் தெரியும். வாய் திறந்து கதைக்கத் தான் வராது. வந்தான், போனான், பாத்தான், சொன்னான், இந்த நாலு சொல்லை வைச்சுக்கொண்டு மனிசன் என்னத்தைக் கதைக்கிறது? அதுக்குத் தான் ரீச்சரிட்டைப் போனவர். போகச் சொன்னதே நான் தான். அதைச் சொன்ன வாய்க்கு ஒரு பூட்டுப் போடவேணுமெண்டு பேந்து எத்தினை நாள் நினைச்சிருப்பன்.

இல்லையில்லை, கதவைப் பூட்டிக்கொண்டில்லை. முன் விறாந்தையிலை. ரீச்சரின்ரை தாய் நல்லம்மா மாமி பக்கத்திலை இருந்து வெத்திலை இடிச்சுக்கொண்டிருப்பா. ஐஞ்சு மணிக்குப் போவார், ஆறுக்குத் திரும்புவார். நான் வேலிக்கு இஞ்சாலை நிண்டு எல்லாம் பாத்தனான். ஏன் பொய் சொல்லுவான்? பாத்தனான்.

முந்தி அந்த வேலியிலை ஒரு பொட்டு இருந்தது. இரண்டு வீடும் அதுக்குள்ளாலை தான் புழங்கிறது. கறி கொண்டு போறது, உப்புக் கைமாத்து வாங்கிறது, பிள்ளைக்குக் காய்ச்சலெண்டால் ரீச்சர் அதுக்குள்ளாலை குனிஞ்சு ஓடி வாறது. இவர் படிக்கப் போய் இரண்டாம் கிழமை நான் அந்தப் பொட்டை ஓலையும் முள்ளும் வைச்சு அடைச்சுப்போட்டன். கேட்டதுக்கு, மாடு வருகுதெண்டு சொன்னன். ஒரு கண்ணளவு ஓட்டை மட்டும் விட்டனான். எனக்குத் தான்.

ஏன் எண்டு கேக்கிறியளோ? அக்கா, நீங்கள் ரீச்சரை நேரை கண்டனீங்களோ? படத்திலை தானே. படத்திலை ஒண்டும் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வந்தும் சீலைக் கொசுவம் ஒரு மடிப்புக் குலையாமல் நிக்கும். நான் விடியக் கட்டின சீலை எட்டு மணிக்கே பிள்ளையின்ரை வாந்தியும் கரிச்சட்டியும் துடைச்ச துணியாப் போயிடும். அவவின்ரை கையிலை சோக்குத் தூள் மணக்கும். என்ரை கையிலை வெங்காயம். நான் எங்கடை ஊர்ப் பள்ளிக்கூடத்திலை எட்டு மட்டும் படிச்சனான், அதிலை கெட்டிக்காரியும் கூட. ஆனால் அவ ஒரு இங்கிலீசுச் சொல்லைச் சொல்லேக்கை இவரின்ரை முகம் விரியுமே, அது நான் புட்டவிச்சு வைக்கேக்கை விரியாது.

அவ படிப்பிக்கிற விதம் இருக்கே, அது தான் என்னைச் சாகடிச்சது. புத்தகம் இல்லை. எழும்பி நடிச்சுக் காட்டுவா. வோக் எண்ட ஒரு சொல்லை வைச்சுக்கொண்டு எல்லாரையும் நடக்கப் பண்ணாதேங்கோ எண்டு சொல்லிப்போட்டு, எங்கடை தபால்காரத் தம்பிஐயா காலை இழுத்து இழுத்து வாறமாதிரி விறாந்தையாலை நடந்து, இது லிம்ப் எண்டுவா. கள்ளுக் குடிச்சவன் ஒழுங்கையிலை அங்கையும் இங்கையும் அடிபட்டு வாறமாதிரி வந்து, இது ஸ்ராகர் எண்டுவா. இவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நல்லம்மா மாமி வெத்திலை வாயோடை சிரிப்பா. நான் வேலிக்கு இஞ்சாலை பிள்ளையை இடுப்பிலை வைச்சுக்கொண்டு நிக்கிறன். கலியாணம் கட்டி மூண்டு வருசம், என்னோடை இருந்து இந்த மனிசன் ஒரு நாள் அப்பிடிச் சிரிச்சிருப்பாரோ?

ஒரு நாள் பாக்கிற சொல்லு. பாக்கிறதிலையே எத்தினை வகை அக்கா! முறைச்சுப் பாக்கிறதுக்கு ஒண்டு, ஒருக்கால் கண்ணை வெட்டிப் பாக்கிறதுக்கு ஒண்டு. பேந்து அவ சொன்னா, பீப் எண்டால் ஒரு சின்ன ஓட்டைக்குள்ளாலை, ஆரும் காணாமல், ஒற்றைக் கண்ணாலை பாக்கிறதாம். சொல்லேக்கை வேலிப் பக்கம் அவ திரும்பவே இல்லை. ஆனால் சிரிச்சா. எனக்கு அவமானம் தலையிலை ஏறிச்சுது. நான் ஆயுசிலை தமிழ்க் கருத்தோடை படிச்ச முதல் இங்கிலீசுச் சொல் அது தான். நல்லா மனசிலை பதிஞ்சுது. பதியாதோ பின்னை? அந்தச் சொல்லுக்குள்ளை நானெல்லே நிண்டனான்.

வீட்டு வேலையும் குடுப்பா. ஒரு நாளைக்கு ஐஞ்சு வசனம். கண்ணாலை கண்டதை மட்டும் எழுதவேணும், வீட்டிலை கண்டது, றோட்டிலை கண்டது. அதிலை வாற வினைச்சொல்லுக்குச் சிவப்புப் பென்சிலாலை கீழ்க்கோடு போடவேணும். அவ எப்பவும் சொல்லுவா, ஒரு சொல்லைத் தனியப் புடுங்கிக்கொண்டு வராதேங்கோ, அது எங்கை நிக்குது, ஆரோடை நிக்குதெண்டு பாத்து முழுசாக் கொண்டுவாங்கோ எண்டு. அது என்ரை காதிலையும் விழுந்தது தான். மண்டையிலை விழேல்லை.

ஓம், அந்தக் கொப்பி தான். எடுத்துப் பாருங்கோ. சிவப்புக் கோடு தெரியுதோ?

இவர் வேலைக்குப் போனாப் பிறகு நான் அதை எடுப்பன். என்ரை தமையன்ரை பழைய அகராதி ஒண்டு அலுமாரிக்குள்ளை கிடந்தது. எனக்கு எழுத்துத் தெரியும், தேடத் தெரியும், நேரம் தான் இல்லை. பானை உலை கொதிக்க முதல் ஒரு சொல், பிள்ளை நித்திரையாக ஒரு சொல். அதாலை சிவப்புக் கோடு போட்டதை மட்டும் தேடினன். மிச்சத்தை ஆர் தேடுறது? செய்யிற வேலை தெரிஞ்சால் செய்யிற ஆளைத் தெரியாதோ எண்டு நினைச்சன்.

ஸ்னாச் எண்டு ஒண்டு. தட்டிப் பறிக்கிறது. ஆ, அது நான், போன கிழமை இவரின்ரை கையிலை இருந்த பேப்பரைப் பறிச்சனான் எண்டு நினைச்சன். கிறம்பிள் எண்டால் புறுபுறுக்கிறது. அதுவும் நான். ஸ்லாம், கதவை அடிச்சுச் சாத்திறது. அதுவும் என்ரை கணக்கு. பேந்து வந்தது பாருங்கோ, ஹம் எண்டு ஒரு சொல், வாய் திறக்காமல் மெல்லப் பாடுறதாம். ரிப்ரோ எண்டால் பெருவிரலை ஊண்டிச் சத்தமில்லாமல் நடக்கிறது. மேர்மர் எண்டால் காதோடை மெல்லக் கதைக்கிறது. இது ஆர்? ஆர் இந்த வீட்டிலை மெல்லக் கதைக்கிறது? கரடுமுரடானது எல்லாம் எனக்கு, மெத்தெண்டது எல்லாம் அவவுக்கு. ஆர் பிரிச்சதெண்டு கேக்காதேங்கோ. கொப்பியிலை பேர் ஒண்டும் இல்லை. நான் தான் பிரிச்சன். ஒவ்வொரு நாளும் விடிய விடிய அவவுக்கு அள்ளி அள்ளிக் குடுத்தன்.

கடைசியிலை சை எண்டு ஒண்டு. பெருமூச்சு விடுறது. சரியெண்டன். அங்கை ஒருத்தி இருந்து பெருமூச்சு விடுறாள், இஞ்சை என்ரை மனிசன் அதைக் கவனிச்சு எழுதிச் சிவப்புக் கோடும் போடுறார். அண்டைக்கு நான் காய்ச்சின குழம்பை நாய் கூட மணக்கேல்லை.

இவரைக் கேட்டனீங்களோ எண்டோ? என்னத்தைக் கேக்கிறது? உங்கடை கொப்பியைக் களவாப் பாத்தனான் எண்டோ?

ஓம், நீங்கள் நினைக்கிறது விளங்குது. இவள் என்ன, விசாரிக்க வந்த இடத்திலை தன்ரை மனிசனைப் பற்றி இப்பிடியெல்லாம் கொட்டுறாளே எண்டு. பொறுங்கோ, காரணம் இருக்கு. நீங்கள் கேக்க வந்ததுக்கு மறுமொழி இதுக்குள்ளை தான் கிடக்கு.

என்ன? மொட்டைக் கடிதமோ? உங்கடை வீட்டுக்கோ? கொக்குவில் தபால் முத்திரையோ. ம். உங்கடை ஐயா வாசிச்சிட்டுச் சாப்பிடாமல் படுத்திட்டாரோ, பாவம். தம்பி மட்டும் நம்பமாட்டனெண்டு நிக்கிறாரோ? நல்ல பிள்ளை. இல்லை, எனக்கு வாசிச்சுக் காட்டவேண்டாம். வேண்டாமக்கா. இடக்கையாலை எழுதினமாதிரி ஒரு பக்கம் சரிஞ்சு கிடக்கோ? கிடக்கும். நடுவிலை இரண்டு இங்கிலீசுச் சொல்லும் இருக்கோ. அதாலை ரீச்சரோடை படிப்பிக்கிற படிச்ச ஆக்கள் ஆரோ எழுதினதெண்டு உங்கடை ஐயா சொல்லுறாரோ? படிச்ச ஆக்களெண்டோ சொன்னவர்? எழுத்துப் பிழை ஒண்டும் இல்லையாமோ? ம்... இல்லை, சும்மா கேட்டனான்.

முருங்கையிலைக்குள்ளை காம்பு விழுகுது, பாத்துப் போடுங்கோ.

மிச்சத்தையும் கேளுங்கோ. போன வியாழக்கிழமை இவர் கொழும்புக்கு வெளிக்கிட்டிட்டார். அவசரத்திலை கொப்பியை ரீச்சரிட்டை திருத்தக் குடுத்தபடி விட்டிட்டுப் போட்டார். பின்னேரம் படலை திறக்கிற சத்தம். பாத்தால் ரீச்சர். பொட்டு அடைபட்டதாலை பாவம் ஒழுங்கையாலை சுத்தி, வெயிலுக்குள்ளை. அதே கொசுவம், ஒரு மடிப்புக் குலையேல்லை. நீங்கள் இப்ப இருக்கிற கதிரையிலை தான் இருந்தவ.

கமலாவதி, இஞ்சை வாரும், உம்மடை மனிசன் எழுதினதை உமக்கு வாசிச்சுக் காட்டவேணும் எண்டா. நான் திருத்தச் சிவப்புப் பேனையை எடுத்தனான் கமலாவதி, திருத்த மனம் வரேல்லை, இவர் இங்கிலீசு படிக்கேல்லை, வீட்டை வடிவாப் பாக்கப் பழகியிருக்கிறார் எண்டா. வாசிக்கட்டும், எந்த முகத்தோடை வாசிக்கிறாளெண்டு பாப்பம் எண்டு நிண்டன்.

வாசிச்சா. ஒவ்வொரு வசனமா, முழுசா, தமிழிலை சொல்லிச் சொல்லி. தட்டிப் பறிச்சது ஆரெண்டு நினைக்கிறியள்? காகம்! குசினி யன்னலாலை வந்து வடையைப் பறிச்ச காகம். புறுபுறுத்தது பஸ் கொண்டக்டர். கதவை அடிச்சுச் சாத்தினது சோளகக் காத்து. நான் இரண்டு மாசமாக் காகத்துக்கும் காத்துக்கும் வந்த பேரைச் சுமந்துகொண்டு திரிஞ்சிருக்கிறன் அக்கா! சிரியுங்கோ, நானும் பேந்து சிரிச்சனான். அப்ப சிரிப்பு வரேல்லை.

பேந்து அந்த மெல்லப் பாடுறது. அவள் கிணத்தடியிலை சட்டை தோய்க்கேக்கை வாய்க்குள்ளை பாடுறாள், ஆரும் கிட்டப் போனால் நிப்பாட்டிப்போடுவாள், அதாலை நான் வாழைக்குப் பின்னாலை நிக்கிறனான். அப்பிடி எழுதியிருக்கிறார். வாழைக்குப் பின்னாலை! நான் வேலிக்குப் பின்னாலை நிண்ட மாதிரி அந்த மனிசனும் ஒரு இடத்திலை ஒளிச்சு நிண்டிருக்கிறார். எங்கடை கிணத்தடி, எங்கடை வாழை. ரீச்சர் வீட்டிலை வாழையே இல்லை.

காதோடை மெல்லக் கதைக்கிறதும் நான் தான். நெருப்பு மூட்டேக்கை ஈர விறகோடை ஏதோ கதைக்கிறனாம். பெருவிரலாலை நடக்கிறதும் நான். அந்த வசனத்தை மட்டும் நான் பாடமாக்கி வைச்சிருக்கிறன், இங்கிலீசிலை. உங்களுக்குத் தமிழிலை சொல்லுறன். நாள் முழுக்க வேலை செய்த கால், ஆனால் தொட்டிலைத் தாண்டேக்கை பெருவிரலிலை நடக்கும். தொட்டில் எண்டது எங்கடை ஏணை தான். அந்தச் சொல்லுக்குச் சிவப்புக் கோடு இல்லை. நான் தேடேல்லை. பக்கத்திலை தான் கிடந்தது அக்கா, விரல் வைச்சால் படுகிற தூரத்திலை.

எங்கடை ஆக்கள் பெண்சாதியின்ரை பேரை வாயாலையும் சொல்லமாட்டினம், பேனையாலையும் எழுதமாட்டினம். அது எனக்குத் தெரியாததே? நான் மட்டும் அவரின்ரை பேரைச் சொல்லிப்போட்டனோ? பேர் இல்லாத இடமெல்லாம் என்ரை இடமெண்டு விளங்கேல்லையே எனக்கு.

பெருமூச்சோ? ஓம், அதுக்குத் தான் வாறன். அந்தப் பக்கம் வந்த உடனை ரீச்சர் கொப்பியை மூடிப்போட்டா. இது முக்கியமில்லை, மிச்சம் இவர் வந்து சொல்லுவார் எண்டா. முகம் ஒரு மாதிரிப் போச்சுது. தேத்தண்ணி வைச்சுக் குடுத்தன், பாதி குடிச்சு, கொப்பியை மேசையிலை வைச்சிட்டு எழும்பிட்டா. போகேக்கை படலையடியிலை நிண்டு சொன்னா, கொடிகாமத்திலை ஒரு இடம் சரிவாறமாதிரிக் கிடக்கு கமலாவதி, அம்மா கனகாலத்துக்குப் பிறகு வடிவாச் சாப்பிடுறா, பிள்ளையாருக்கு நேந்து வையும் எண்டு. அவ அதைச் சொல்லேக்கை, உங்கடை வீட்டுக்கு அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்து இரண்டு நாள்.

அவ போனாப் பிறகு அகராதியை எடுத்துக்கொண்டு இருந்தன். முழு வசனத்தையும். ஒரு சொல்லும் விடாமல். உலை பொங்கி அடுப்பு நூந்தது, பிள்ளை அழுதாள், விட்டன். றோட்டாலை கலியாண மேளம் போகேக்கை ரீச்சர் பாடத்தை நிப்பாட்டிப்போட்டுப் பெருமூச்சு விடுறா. அவ்வளவு தான் வசனம். இருபத்தொன்பது வயது அக்கா. தகப்பன் இல்லை. இணுவிலிலை ஆவணி, தை எண்டால் கிழமைக்கு மூண்டு மேளம் போகும். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் குசினியிலை நிண்டு ஆடுவன். அவ விட்ட மூச்சைத் தான் நான் என்ரை மனிசனுக்கெண்டு எடுத்து வைச்சிருக்கிறன்.

இப்ப எரிச்சல் போட்டுதோ எண்டு கேட்டால், போகேல்லை. மெய்யைச் சொல்லவேணுமே. இப்பவும் அந்தச் சீலைக் கொசுவத்தைக் கண்டால் வயிறு எரியுது தான். இவர் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதிலை நிக்குது. கொடிகாமம் எவ்வளவு தூரம், பஸ்சிலை ஒண்டரை மணித்தியாலமோ? நல்ல தூரம். கெதியாக் கட்டிக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு தான் நானும் சொல்லுறன். இந்தச் சம்பந்தம் குழம்பினால் அவ எங்கை போவா? இஞ்சை, என்ரை வேலிக்கு அங்காலை தானே காலம் முழுக்க இருப்பா? எழுதேக்கை அந்த விசர் மண்டைக்கு அது கூட ஓடேல்லை.

ஓம் அக்கா. எழுதேக்கை எண்டு தான் சொன்னனான்.

என்னை ஏன் பாக்கிறியள், கடிதத்தைப் பாருங்கோ. அந்த ஹான்ட்பாக்கிலை தான் இருக்கு, வந்த நேரம் தொட்டு நீங்கள் அதைத் தடவிக்கொண்டு தானே இருக்கிறியள். விரிச்சு வெளிச்சத்திலை பிடியுங்கோ. கீழ் மூலையிலை ஒரு எண்ணெய்ப் பொட்டு இருக்கோ, பெருவிரல் அளவிலை? நல்லெண்ணெய். உங்கடை விலாசம் நல்லம்மா மாமி சந்தோசத்திலை சொன்னது. அண்டைக்குப் பிள்ளைக்கு எண்ணெய் வைச்சுத் தோய வாத்த நாள். கையைத் துடைச்சிட்டுத் தான் எழுதினனான், வடிவாத் துடைபடேல்லைப் போலை.

இவர் வெள்ளிக்கிழமை வருவார். அவருக்கு நான் தான் சொல்லவேணும், நீங்கள் முந்திப்போடாதேங்கோ. ரீச்சருக்கு இப்பவே சொல்லுவம். பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பா. எழும்புங்கோ. படலையாலை சுத்தத் தேவையில்லை, குசினிக்குப் பின்னாலை அந்தப் பொட்டை நேற்றுத் தான் முள்ளை வெட்டித் திறந்தனான். மாம்பழப் பையையும் தூக்குங்கோ, வெறுங்கையோடை போகக்கூடாது. இந்த அறையைத் தாண்டேக்கை மட்டும் குதி படாமல் வாங்கோ அக்கா, பிள்ளை எழும்பிப்போடுவாள்.